மேஜிக்குக்கு 2,14,000 ரூபா போட்டதுக்கு அப்புறம் எனக்குப் புரிஞ்சது

புதுசா மேஜிக் கத்துக்குற பசங்க என்கிட்ட வந்தா முதல்ல கேக்குற கேள்வி, "அண்ணே எந்த ப்ராப் வாங்கலாம், எங்க கம்மியா கிடைக்கும்" அப்படிங்கிறதுதான் (ப்ராப்னா வித்தை காட்டுற பெட்டி, சாமான்). நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அப்ப என்கிட்ட "இருப்பா, வாங்காத"ன்னு சொல்ல ஒருத்தர் கூட இல்ல. நாலு வருஷம் தனியா அடிபட்டு, வீட்டுல நகைய அடகு வெச்சு, நடு மேடைல கூனிக்குறுகி நின்னதுக்கு அப்புறம்தான் சில விஷயம் மண்டைல ஏறுச்சு. யாராவது ஒருத்தருக்காவது அந்தக் காசு மிச்சமானா போதும்னு இத எழுதுறேன். கடைல வாங்குற ப்ராப் முக்கியமா, சொந்தமா யோசிக்கிற கிரியேட்டிவிட்டி முக்கியமாங்கிற கேள்விக்கு நான் கண்ட பதிலும் இதுல இருக்கு. வித்தையோட ரகசியம் எதையும் இதுல சொல்ல மாட்டேன், அது தொழில் தர்மம். ஆனா காசு கணக்க ஒளிக்காம சொல்றேன்.

நான் திருச்சி. துவாக்குடில ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனில ஸ்டோர்ஸ் பாக்குறேன், ஞாயித்துக்கிழமையும் லீவு நாள்லயும்தான் ஷோ. 2016-ல 2,300 ரூபாய்க்கு ஒரு ஸ்டார்ட்டர் செட் வாங்கினேன், அதுல கயிறு, ஸ்பான்ஜ் பால், சேஞ்ச் பேக், கலர் மாறுற கைக்குட்டைன்னு ஆறு ஐட்டம். முதல் ஷோ எங்க கம்பெனி ஆயுத பூஜைல. பொரிகடலை சாப்பிட்டுட்டே வெல்டர் அண்ணனுங்க எல்லாம் சுத்தி நின்னு பாத்தாங்க, கைதட்டினாங்க. அந்தக் கைதட்டல் இருக்கே, அது ஒரு போதை மாதிரி. அடுத்த வருஷம் அதே ஆளுங்க முன்னாடி அதையே பண்ண முடியாதுல்ல, அதனால புது ஐட்டம் வாங்கினேன். அப்புறம் இன்னொண்ணு. கைதட்டல் கொஞ்சம் குறைஞ்சாலே உடனே போன எடுத்து ப்ராப் விக்கிறவங்களோட டெமோ வீடியோ பாப்பேன். டவ் பேன், மில்க் பிச்சர், டை பாக்ஸ், மிரர் பாக்ஸ், அப்பியரிங் கேன், கழுத்துல கத்தி சொருகுறது, எல்லாம் வந்துச்சு. பழைய ஐட்டத்த நல்லா பண்ணலாமேன்னு எனக்கு ஒரு நாளும் தோணவே இல்ல. தப்பு என் கைல இல்ல, பெட்டிலதான்னு நம்பினேன்.

டெமோ வீடியோ பத்தி இங்கயே சொல்லிடுறேன். அத நல்ல லைட்ல, ஒரே ஒரு கேமரா ஆங்கிள்ல, அதப் பல வருஷம் கையாண்ட ஒருத்தர் பண்ணி எடுக்குறாங்க. நம்ம ஷோ நடக்குறது கல்யாண மண்டபத்துலயும் மொட்டை மாடிலயும், பின்னாடி சமையல்காரர் நிப்பாரு, பக்கவாட்டுல குழந்தைங்க தரைல உக்காந்திருக்கும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க. பக்கத்துலருந்து பாத்தா தெரியுமா, ஒரு தடவ பண்ணிட்டா மறுபடி ரெடி பண்ண எவ்வளவு நேரம் ஆகும், திரும்பத் திரும்ப வாங்க வேண்டிய சாமான் ஏதாவது இருக்கா, கூட்டத்துல ஒருத்தர் கைல கொடுத்துப் பாக்கச் சொல்லலாமா. இந்த நாலுக்கும் நேரா பதில் வரலைன்னா காச வெளிய எடுக்காதீங்க. நான் ஒண்ணு கூட கேட்டதில்ல.

2018-ல பெரிய தப்பு பண்ணினேன். தொழில விட்டுட்டுப் போற ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜிக்ஜாக் பெட்டி, 72,000 ரூபா. ஆள உள்ள நிக்க வெச்சு நடுப்பகுதிய மட்டும் பக்கவாட்டுல தள்ளிக் காட்டுவாங்களே, அதுதான். மனைவியோட மூணரை பவுன் செயின அடகு வெச்சு 60,000 எடுத்தேன். அவ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல, கழட்டிக் கைல கொடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா. பெட்டி வந்ததுக்கு அப்புறம்தான் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிச்சுது. அது ஒரு குறிப்பிட்ட உடல்வாகு இருக்குற ஆளுக்கு அளவெடுத்துச் செஞ்ச பெட்டி, வேற ஆள் உள்ள நின்னா வித்தை வெளுத்துடும். சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு உதவிக்கு வந்துச்சு, ஆறு ஷோல அதுக்குக் கல்யாணமாகி பெங்களூரு போயிடுச்சு. முதல் மாடில மண்டபம்னா பெட்டி லிஃப்டுக்குள்ள போகாது, மாடிப்படில திரும்பாது. ஒவ்வொரு ஷோவுக்கும் டாட்டா ஏஸ் வாடகையே 3,500, அதப் பெரும்பாலும் ஷோ பணத்துலயே கழிச்சுடுவேன். ஆறே ஆறு ஷோ. அப்புறம் வீட்டு வராண்டால தார்ப்பாய் போத்தி நின்னுச்சு, தினமும் காலைல வேலைக்குக் கிளம்புறப்ப அதப் பாத்துட்டுத்தான் செருப்ப மாட்டணும்.

இந்த ஜிக்ஜாக் பின்னாடி ஒரு கதை இருக்கு, வாங்குறப்ப எனக்கு அது தெரியாது. 1965-ல ராபர்ட் ஹார்பின்னு ஒருத்தர் உருவாக்கினது அது. அவரு யோசிச்சு யோசிச்சுச் செஞ்சத உலகம் பூரா கேக்காம காப்பியடிச்சாங்க. 1970-ல தன்னோட வித்தைகள ஒரு புத்தகமாப் போட்டு, 500 பிரதி மட்டும் அச்சடிச்சு, வாங்குனவங்களுக்கு அதச் செஞ்சுக்குற உரிமையும் சேத்துக் கொடுத்தாரு. நான் வாங்குனது அந்த உரிமையோட வந்த பெட்டி இல்ல, எவனோ அளவெடுத்து அடிச்ச காப்பி. அடுத்தவரோட மூளைய 72,000 கொடுத்துத் திருட்டுச் சரக்கா வாங்கியிருக்கேன்னு தெரிஞ்ச அன்னைக்கு ரொம்ப நேரம் மனசு ஒரு மாதிரி இருந்துச்சு.

இப்ப, நடு மேடைல கூனிக்குறுகி நின்னேன்னு சொன்னேனே, அந்த ஸ்கூல் விஷயம். 2019 நவம்பர் 14, குழந்தைகள் தினம், ஒரு தனியார் ஸ்கூல், அறுநூறு பசங்க. பேசுன தொகை 12,000, அட்வான்ஸ் 4,000. பதினோரு ஐட்டம் வெச்சிருந்தேன். ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷமே ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது, நான் பெட்டிய எடுத்து டேபிள்ல வைக்குறேன், என்ன நடக்கப் போவுதுன்னு பசங்க பக்கத்துப் பசங்களுக்குச் சொல்லிட்டு இருக்காங்க. டை பாக்ஸ் தெரியும்ல, தாயக்கட்டை மாதிரி ஒரு பெரிய கட்டைய உள்ள போட்டு ஒரு கதவத் திறந்து காட்டி, இந்தப் பக்கம் சாய்ச்சு, அந்தப் பக்கம் சாய்ச்சு, "ரெண்டு கதவையும் திறங்க அங்கிள்"னு பசங்கள கத்த வெச்சு, கடைசில திறந்தா கட்டை இருக்காது, அது தொப்பில வந்திருக்கும். அந்த ஐட்டத்தோட உயிரே அந்தக் கத்தல்தான். அன்னைக்கு நான் முதல் கதவத் தொடுறதுக்கு முன்னாடியே மூணாவது வரிசைலருந்து ஒரு பொண்ணு, ரெட்டை ஜடை, எழுந்து நின்னு ரொம்ப மரியாதையா சொல்லுச்சு, "அங்கிள் தொப்பிக்குள்ள பாருங்க, போன வருஷமும் தொப்பிலதான் இருந்துச்சு". கிண்டல் எல்லாம் இல்ல, அது எனக்கு உதவி பண்ணுச்சு. மொத்த ஹாலும் "தொப்பி தொப்பி"ன்னு ஆரம்பிச்சுடுச்சு. போன வருஷம் வந்த மேஜிசியன் அதே பெட்டி, அதே சிவப்பு கலர், கூட வர்ற பேப்பர்ல எழுதியிருக்குற அதே வசனம்.

அதோட விட்டிருந்தாக்கூட சமாளிச்சிருப்பேன். கடைசி ஐட்டம், 18,500 ரூபாய்க்கு வாங்கின ரிமோட் செட்டு, நினைச்ச சீட்டு தானா மேல எழும்பும். ஹெட்மிஸ்ட்ரஸ் மேடத்த சீட்டு எடுக்கச் சொல்லி, எல்லாரையும் அமைதியாக்கி, மியூசிக்க நிறுத்தி, பாக்கெட்ல பட்டன அமுக்குறேன், சீட்டு வரல. திரும்ப அமுக்குறேன். காலர் மைக் வழியா "க்ர்ர்ர்"னு மோட்டார் சுத்துற சத்தம் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. அறுநூறு பேரும் கேட்டாங்க. என் கைல வேற எதுவுமே இல்ல, அந்தச் சீட்ட கையால எடுத்துக் காட்டுற அளவுக்குக்கூட எனக்குக் கைவேலை (விரல் சாமர்த்தியத்துல மட்டும் பண்ற வித்தை) தெரியாது, ஏன்னா அதக் கத்துக்க வேண்டிய அவசியமே வராதுன்னு சொல்லித்தான் அந்தப் பெட்டிய வித்தாங்க. நன்றி சொல்லி இறங்கிட்டேன். மீதி 8,000 "ஆபீஸ்ல கேட்டு அனுப்புறோம்"னாங்க, வரல, நானும் மூணாவது தடவைக்கு மேல கேக்கல. டாட்டா ஏஸ்ல டிரைவர் பக்கத்துல உக்காந்து வர்றப்ப அவரு "ஷோ நல்லாப் போச்சா சார்"னு கேட்டாரு. நல்லாப் போச்சுண்ணேன்னு சொன்னேன். வீட்டுலயும் அதையேதான் சொன்னேன். அந்தப் பொய்யத் தூக்கிச் சுமந்ததுதான் பணம் போனத விட வலிச்சுது.

அதுக்கு மூணு மாசம் கழிச்சு, 2020 பிப்ரவரில லால்குடில ஒரு காதுகுத்து. சாப்பாடு முடிஞ்சு திண்ணைல உக்காந்திருக்கேன், ஏழெட்டு பொடிசுங்க வந்து "சித்தப்பா மேஜிக் பண்ணுங்க"ன்னு சுத்திக்கிச்சு. பெட்டி கொண்டு வரலம்மான்னேன். ஒரு பையன் தன் பாக்கெட்லருந்து ஒரு ரப்பர் பேண்டும் ஒரு பத்து ரூபா காயினும் எடுத்து நீட்டுறான், "இத வெச்சுப் பண்ணுங்க". எனக்கு ஒண்ணும் தெரியல. நாலு வருஷமா மேஜிசியன்னு கார்டு அடிச்சு வெச்சிருக்கேன், ஒரு காயின மறைக்கத் தெரியல. அந்தப் புள்ளைங்க மூஞ்சி சட்டுனு வாடிப் போய் ஓடிப் போச்சுங்க. அன்னைக்கு ராத்திரி நோட்ட எடுத்துக் கணக்குப் போட்டேன். சின்ன ப்ராப் 58,000, ரெண்டு ரிமோட் ஐட்டம் 30,000, ஜிக்ஜாக் 72,000, டிரஸ் ஸ்பீக்கர் மைக் 24,000, டவுன்லோட் வீடியோ 14,000, அடகு வட்டி அதுவரைக்கும் 16,000. மொத்தம் 2,14,000. ஷோல வந்தது 1,63,000. வேன் வாடகையும் என் ஞாயித்துக்கிழமைகளும் இந்தக் கணக்குல சேரல.

அடுத்த மாசம் லாக்டவுன். ஷோ எல்லாம் கேன்சல். அந்தப் பையன் நீட்டின பத்து ரூபா காயின் ஞாபகத்துல அதையே எடுத்து உள்ளங்கைல வெச்சுப் பழக ஆரம்பிச்சேன். வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் அமெரிக்க அரை டாலர்தான் வெச்சுப் பண்ணுவாங்க, நம்மாளுங்களும் அதையே காசு கொடுத்து வாங்கி வெச்சிருப்பாங்க. அது வேண்டவே வேண்டாம். நம்ம பத்து ரூபா காயின் 27 மில்லிமீட்டர், கைக்கு அருமையா அடங்கும், கனமும் சரியா இருக்கும். அரை டாலர எடுத்துக் காட்டினா பாக்குறவங்க முதல்ல "அது என்ன காசு, குடுங்க பாப்போம்"னு அதுமேல சந்தேகப்படுவாங்க. பத்து ரூபா காயின அவங்க பாக்கெட்லருந்தே வாங்கிக்கலாம். எட்டு மாசம் பழகினேன், ராத்திரி டிவி பாக்குறப்பவும் கைல காயின் இருக்கும்.

காயின் கைல படிஞ்சதுக்கு அப்புறம், என்ன சொல்லிப் பண்றதுன்னு யோசிச்சப்ப, பெட்டிக்கடைல பத்து ரூபா காயின வாங்க மாட்டேன்னது ஞாபகம் வந்துச்சு. நம்ம ஊர்ல பத்து ரூபா காயின் செல்லாதுன்னு ஒரு புரளி ரொம்ப நாளா சுத்துதுல்ல, 2018-லயே ரிசர்வ் பேங்க் பதினாலு டிசைனும் செல்லும்னு அறிக்கை விட்டும் கடைக்காரர் வாங்க மாட்டாரு, கண்டக்டர் வாங்க மாட்டாரு. அதையே ஒரு ரொட்டீனா, அதாவது கதையோட சேத்துக் காட்டுற ஐட்டமா ஆக்கினேன். டீக்கடைல கொடுக்குறேன், திரும்ப என் பாக்கெட்டுக்கே வந்துடுது. பஸ்ல கொடுக்குறேன், வந்துடுது. கோயில் உண்டியல்ல போடுறேன், அங்கருந்தும் வந்துடுது. இதுல இருக்குற வித்தை நூறு வருஷப் பழசு, ஒண்ணு கூட நான் கண்டுபிடிக்கல. ஆனா அத முதல் தடவ ஒரு கல்யாண ரிசப்ஷன்ல பண்ணினப்ப டீக்கடைன்னு சொன்ன உடனே ஜனம் சிரிச்ச சிரிப்பு, எந்தப் பெட்டிக்கும் எனக்குக் கிடைச்சதில்ல. செலவு பத்து ரூபா.

அப்புறம்தான் பழைய ஆளுங்களப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். ஏறக்குறைய 1830 வாக்குல நம்ம மெட்ராஸ்ல சேஷால்னு ஒருத்தர் அந்தரத்துல உக்காந்து காட்டியிருக்காரு, கை மட்டும் ஒரு கம்பு மேல இருந்த தோல் சுருள்ல பட்டிருக்கும், வெள்ளைக்காரங்க அசந்து போய் எழுதி வெச்சிருக்காங்க. இன்னைக்கு அதே வேலைய ரெடிமேட் ஃபிரேமா வாங்கி ஐரோப்பாவுல தெருத் தெருவா உக்காந்திருக்காங்க. அவரும் ப்ராப் வெச்சுத்தான் பண்ணினாரு, ஆனா அத யோசிச்சது நம்ம பக்கத்து மூளை. அதே மாதிரி நம்ம நாட்டு மேஜிசியன் பி.சி. சர்க்கார். 1956 ஏப்ரல்ல பிபிசி லைவ் நிகழ்ச்சில ஒரு பொண்ண ரம்பத்தால அறுத்துக் காட்டுறாரு, அந்தப் பொண்ணு எழுந்திருக்குறதுக்கு முன்னாடி நேரம் முடிஞ்சுதுன்னு நிகழ்ச்சிய முடிச்சுட்டாங்க, பொண்ணு செத்துப் போச்சுன்னு நினைச்சு ஜனம் பிபிசிக்குப் போன் மேல போன். மறுநாள் பேப்பர்ல அதான் செய்தி. ஆள அறுக்குறது லண்டன்காரங்களுக்குப் புதுசே இல்ல, 1921-லயே செல்பிட்னு ஒருத்தர் அதே ஊர்ல மேடைல பண்ணினது. பழைய சாமான வெச்சு சர்க்கார் பண்ணின விதம்தான் அவரோடது. இதப் படிச்சப்பதான் ப்ராப்பா கிரியேட்டிவிட்டியான்னு ரெண்டா பிரிச்சுக் கேக்குறதே தப்புன்னு எனக்குத் தோணுச்சு.

ஆனா சொந்தமா பண்றேன்னு இறங்கினா எல்லாம் சுலபம்னு நினைச்சுடாதீங்க, அதுலயும் காசும் நாளும் போச்சு. சர்க்கார் ஷோல ஒரு சொம்பு உண்டு, கவுத்துக் கவுத்துத் தண்ணி ஊத்துவாரு, திரும்பத் திரும்ப நிறைஞ்சுட்டே இருக்கும், வாட்டர் ஆஃப் இந்தியான்னு பேரு. அதுக்கான பித்தளைச் சொம்பு கடைல கிடைக்கும், ஆனா நம்ம வீட்டுல யாரு இப்ப அந்த மாதிரிச் சொம்பு வெச்சிருக்கா. எனக்கு எவர்சில்வர் தண்ணிக் குடம் மாதிரி வேணும்னு ஆசை, கோடைல தண்ணி லாரி வராத தெருவோட கதையா சொல்லணும்னு. பெரிய கடை வீதில ஒரு பாத்திரக் கடைல சின்னக் குடம் வாங்கி, எங்க கம்பெனி லேத் அண்ணன்கிட்ட கொடுத்தேன். "எதுக்குப்பா இது"ன்னாரு, சொல்ல முடியாதுண்ணேன்னேன், சிரிச்சுட்டு செஞ்சு கொடுத்தாரு. முதல் குடம் வெல்டிங்ல கசிஞ்சுது. ரெண்டாவதுல தண்ணி ஊத்துறப்ப "குபுக்"னு ஒரு சத்தம், ஹால்ல கடைசி வரிசை வரைக்கும் கேக்கும். மூணாவதுதான் சரியா வந்துச்சு. 4,200 ரூபா, அஞ்சு மாசம். ஆனா அது இந்த உலகத்துல என்கிட்ட மட்டும்தான் இருக்கு, யாரும் "போன வருஷமும் பாத்தோம்"னு சொல்ல முடியாது. கெட்டாலும் எங்க கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியும், நானே சரி பண்ணிடுவேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நெருப்பு, பிளேடு, கழுத்துல மாட்டுறது, கட்டிப் போட்டுத் தண்ணிக்குள்ள இறங்குறது, இதெல்லாம் வீட்டுல சொந்தமா செஞ்சு பாக்கவே கூடாது. தெரிஞ்ச தம்பி ஒருத்தன் பர்ஸ்ல தீ வர்றத தானே செய்யப் போய் ரெண்டு விரல் வெந்து மாசக்கணக்கா சீட்டு பிடிக்க முடியாம இருந்தான். அந்த மாதிரி சாமான் வேணும்னா நல்ல ஆளுகிட்ட செஞ்சத வாங்குங்க, அனுபவம் உள்ளவர் பக்கத்துல இருந்து கத்துக்கோங்க. அதே மாதிரி நல்ல சீட்டுக் கட்டு, கயிறு, பட்டுத்துணி, கண்ணுக்குத் தெரியாத நூல், இதெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான்தான், அதுல கஞ்சத்தனம் வேண்டாம். அப்புறம் இன்னொருத்தர் மேடைல பாத்த ரொட்டீன கலர மாத்தி, வசனத்த மாத்தி "என் சொந்தம்"னு சொல்றது சொந்தம் இல்ல. பிடிச்சிருந்தா போய்க் கேளுங்க, முக்கால்வாசிப் பேரு சந்தோஷமா சொல்லித் தருவாங்க.

இப்ப நான் வெச்சிருக்குற முறை இதுதான். முதல்ல ஒரு வரி எழுதுவேன், ஷோ பாத்த ஒரு பாட்டி பக்கத்து வீட்டுல போய் என்ன சொல்லணும்னு. "செல்லாத காசு திரும்பத் திரும்ப அவன்கிட்டயே வந்துச்சுடி", "காலிக் குடத்துலருந்து தெருவுக்கே தண்ணி ஊத்தினான்". அந்த வரி வந்ததுக்கு அப்புறம்தான் அதுக்கு எந்த வித்தை வேணும்னு தேடுவேன், கைவேலைல முடியுமான்னு பாப்பேன், முடியலைன்னா மட்டும் வாங்குவேன், அதுவும் வீட்டுச் சாமான் மாதிரி இருக்குறதா பாத்து. நோட்டுல எழுதி ரெண்டு மாசம் கழிச்சும் அது வேணும்னு தோணினாதான் காசு. 2021-லருந்து இதுவரைக்கும் ப்ராப்புக்கு நான் செலவழிச்சது 11,000 தாண்டல, ஷோ எண்ணிக்கை முன்ன விட அதிகம், எல்லாச் சாமானும் ஒரு தோள் பைல அடங்கி பைக்லயே போயிட்டு வந்துடுறேன். மொத ரெண்டு வருஷம் மட்டும் கடைல வர்ற மாதிரியே வசனத்தோட அப்படியே கத்துக்குறதுல தப்பில்ல, பாட்டு கத்துக்குறவங்க சரளி வரிசை பாடுற மாதிரிதான் அது. ஆனா அத வெச்சுக் காசு வாங்கி மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ஐட்டமாவது உங்களோடதா இருக்கட்டும்.

ஜிக்ஜாக்க 2021-ல 19,000-க்குக் கொடுத்துட்டேன், காப்பின்னு சொல்லித்தான் கொடுத்தேன். மத்த பெட்டிங்க எல்லாம் சேத்து 13,000. செயின் திரும்பி வர 2022 பொங்கல் ஆச்சு, அன்னைக்குத்தான் மனைவிகிட்ட அந்த ஸ்கூல் கதைய முழுசா சொன்னேன். "அன்னைக்கே உங்க மூஞ்சியப் பாத்தேன், நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்"னா. டை பாக்ஸ மட்டும் விக்கல. ரெட்டை ஜடைப் பொண்ணு சொன்ன மாதிரி தொப்பிய முதல்லயே தூக்கிக் காட்டி, அது காலின்னு பசங்களே ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் ஆரம்பிக்கிற மாதிரி ஒண்ணு எழுதிட்டு இருக்கேன், கட்டை கடைசில எங்க வரணும்னு இன்னும் முடிவு பண்ணல.